கியூபா நாட்டுப் பயற்றுச் சோறு

ஊரை விட்டுப் புறப்படுவோர் எல்லாவற்றையும் உடன் எடுத்துச் செல்ல இயலாது. நிலமும் கிணறும் கோயிலும் சுற்றமும் பின்னே நின்று விடுகின்றன. மொழியும் சமையலும் கூடவே வருகின்றன. மொழியைக் காப்பது பற்றி இத்தகைய ஏடுகளில் நிரம்பப் பேசுகிறோம். சமையலைப் பற்றியோ, பொங்கலும் தீபாவளியும் வரும் திங்களில் மட்டுமே பேசுகிறோம். அன்றாடம் அடுப்பில் ஏறும் சோற்றைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும் குடும்பத்தின் உடல் நலம் பண்டிகைப் பலகாரத்தால் அமைவதன்று. நாள்தோறும் உண்ணும் சோற்றாலும் அதனுடன் சேர்வதாலும் அமைவது.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள், கடல் கடந்த கியூபா தீவில் வீடுதோறும் சமைக்கப்பெறும் பயற்றுச் சோறு. அரிசியும் பயறும் ஒரே பானையில் வேகும் எளிய உணவு அது. ‘கியூபா எங்கே, பொன்முடி மலை எங்கே?’ என்று வாசகர்கள் வியக்கக் கூடும். அந்த உணவை உண்டாக்கியோர், நம்மவரைப் போலவே தோட்ட வேலைக்கென்று வேற்று மண்ணில் கொண்டு சேர்க்கப்பட்ட மக்கள். நம் மலை வாழ்க்கையின் குறை ஒன்றனுக்கு அவர்களுடைய பானையில் ஒரு வழி இருக்கிறது. அதனை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

பொன்முடி, திருவனந்தபுரம் நகருக்கு வடகிழக்கே, நெடுமங்காடும் விதுரையும் கடந்து, கல்லாற்றங்கரையிலிருந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் மலை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். ஆண்டில் பல திங்கள் மூடுபனியும் மழையும் சூழ்ந்திருக்கும். மேலே காண வருவோர் மஞ்சினைக் கண்டு மகிழ்ந்து இறங்குவர். மலைச் சரிவில் தேயிலைத் தோட்டங்களும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் உள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மலைகளில் காப்பியும், பின்னர்த் தேயிலையும் பயிராகத் தொடங்கின. அக்காலந்தொட்டுத் தமிழ்நாட்டின் தென்பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறினர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தமிழகத்தோடு இணைந்தன. நெடுமங்காடும் அதன் மலைகளும் கேரளத்தில் நின்றன. இன்று அம்மலைக் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்று, வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சமையலும் அவ்வாறே இரு கரைகளையும் தொட்டு நிற்கிறது. குழம்பு தமிழ், தேங்காயெண்ணெய் கேரளம்.

இவ்வீடுகளில் சோற்றுக்குப் பெரும்பாலும் குறைவில்லை. குறைவு சோற்றோடு சேர்வதில்தான். காலையில் பனி விலகுமுன் வேலைக்குச் சென்று, மாலையில் ஈரத்தோடு திரும்பும் பெண்மணிக்கு இரண்டு கறி வைக்க நேரமேது? ஒரு குழம்பு, ஒரு துவையல், அல்லது ஒரு பொரியல் என்று முடிகிறது. அந்தச் சிறிதளவு கறியும் எல்லார்க்கும் ஒத்த அளவில் கிடைப்பதில்லை. முதலில் குழந்தைகள், பிறகு ஆண்கள், பிறகு முதியோர் என்று பரிமாறி முடிந்தபின், அடுப்படியில் அமர்ந்து உண்ணும் இல்லத்தரசிக்கு எஞ்சுவது சோறும், சட்டியின் அடியில் தங்கிய தெளிவுமே. இது மலையில் மட்டும் உள்ள வழக்கமன்று. நகரத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் உள்ளதே. முதுகில் கூடை சுமந்து சரிவில் நின்று கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கே பயறும் பருப்பும் எட்டாமற் போவது எவ்வகையில் நியாயம்?

கரும்புத் தோட்டத்தில் பிறந்த உணவு

கியூபாவின் பயற்றுச் சோற்றுக்கு இரு பெயர்கள் உண்டு. தலைநகராகிய ஹவானாவைச் சூழ்ந்த மேற்குப் பகுதியில் கறுப்பு பீன்ஸும் வெள்ளை அரிசியும் சேர்த்துச் சமைப்பார்கள். அதற்கு ‘மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்’ என்று பெயர். ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்பது பொருள். ஸ்பெயின் நாட்டில் பல நூற்றாண்டுகள் மூர் இனத்தாரும் கிறிஸ்தவரும் போரிட்டும் கலந்தும் வாழ்ந்த வரலாற்றை நினைவூட்டும் வேடிக்கைப் பெயர் அது. சாந்தியாகோ நகரை உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் சிவப்பு பீன்ஸைக் கொண்டு சமைப்பார்கள். அதற்குக் ‘கொங்ரி’ என்று பெயர். அயலிலுள்ள ஹெய்ட்டித் தீவிலிருந்து, 1791-இல் தொடங்கிய புரட்சிக் காலத்தில் கியூபாவில் குடியேறியோர் வாயிலாக அப்பெயர் வந்தது என்பர்.

பானையினுள் இருப்பவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையினின்று வந்தவை. பீன்ஸ் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; 1492-இல் கொலம்பஸ் கியூபாவில் இறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அக்கண்டத்து மக்கள் அதனைப் பயிரிட்டு உண்டு வந்தனர். அரிசியையும் வெங்காயத்தையும் பூண்டையும் சீரகத்தையும் ஸ்பானியர் கொண்டு வந்தனர். சமைத்த கைகளோ பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கைகள். கரும்புத் தோட்டங்களுக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவித்துப் பழகியோரும் அவர்களுள் இருந்தனர். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ஆம் ஆண்டில்தான். அதற்கிடையே, 1847 முதல் 1874 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சீனரும் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் சென்ற நம் முன்னோரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துக் கூற வேண்டுவதில்லை.

அடிமையாகவும் கூலியாகவும் வந்தவர்களின் அடுப்பில் கிடைத்தவற்றைக் கொண்டு பிறந்த உணவு, காலப்போக்கில் அந்நாட்டின் பொது உணவாயிற்று. 1962-இல் அந்நாட்டு அரசு குடும்ப அட்டை முறையை ஏற்படுத்தியபோது, அதில் அரிசியும் பயறும் இடம்பெற்றன. 2005-இல் மின்சாரச் சிக்கனத்துக்காக அரசு மேற்கொண்ட திட்டத்தில் வீடுகளுக்கு மின் அரிசிக் குக்கரும் பிரஷர் குக்கரும் வழங்கப்பட்டன. ஏழையின் பானையில் பிறந்ததென்று அவ்வுணவை அங்கு யாரும் இகழ்வதில்லை. விருந்திலும் அது இடம்பெறுகிறது.

நமக்கும் இது புதிதன்று

பயறும் அரிசியும் கூடி வேகும் சோறு தமிழர்க்குப் புதிதா? திருநெல்வேலிச் சீமையின் உளுந்தஞ்சோற்றை நினைத்துப் பாருங்கள். தோலுடைய கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாம் ஒரே பானையில் வெந்து, எள்ளுத் துவையலோடு இலைக்கு வரும். கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் அதே குடும்பம். வெண்பொங்கலும் அதன் சுற்றமே. கேரளத்திலோ கஞ்சியும் பயறும் என்பது பழந்தொடர். கேரளப் பள்ளிகளில் நெடுங்காலம் மதிய உணவாக அளிக்கப்பெற்றது கஞ்சியும் சிறுபயறுமே. ஆகவே கியூபா உணவு நமக்கு அயலாரன்று, தூரத்து உறவு. உறவினர் வீட்டுக் கைம்முறை ஒன்றைக் கற்றுக்கொள்வதில் நாணம் எதற்கு?

பயற்றை ஏழை வீட்டுப் பண்டம் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே சற்று வேரூன்றியிருக்கிறது. வசதி வந்ததும் முதலில் பயற்றைக் குறைத்து, அரிசியின் வெண்மையைக் கூட்டுகிறோம். உடல் நூலார் கூறுவது வேறு. அரிசியிலுள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. ஆனால் பயற்றில் மெத்தியோனின் என்னும் கூறு குறைவு. அது அரிசியில் போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கிறது. கியூபாவிலும் நெல்லையிலும் கொங்கிலும், ஒருவரை ஒருவர் அறியாமலே, பாட்டிமார் இவ்விரண்டையும் ஒரே பானையில் இட்டனர். அவர்களுக்கு அமினோ அமிலத்தின் பெயர் தெரியாது. உழைத்தவன் வயிறு நிறைந்து எழுந்தது தெரியும்.

எந்தப் பயறு?

கியூபாவின் கறுப்பு பீன்ஸ் நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதன்று. அதைத் தேடி அலைய வேண்டுவதுமில்லை. சிவப்பு ராஜ்மா யாண்டும் கிடைக்கிறது. அதைக் கொண்டு சமைத்தால் கியூபாவின் கிழக்குப் பகுதி மக்கள் உண்ணும் கொங்ரியே வரும். அதுவும் விலை மிகுதி எனத் தோன்றினால், தட்டைப்பயறு போதும். காராமணி என்று சிலரும், வன்பயறு என்று மலையாளத்தாரும் வழங்குவது இதுவே. ஓலனிலும் எரிசேரியிலும் இதைச் சேர்ப்பதைப் பொன்முடித் தாய்மார் நன்கறிவர். இப்பயிரின் தாயகம் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க மக்களோடு கடல் கடந்து கரீபியத் தீவுகளுக்கும் இது சென்றது. அங்கும் அரிசியோடு கூடி வேகிறது.

ராஜ்மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வேகாத ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. நான்கைந்து மணிகளைப் பச்சையாகத் தின்றாலே சிலருக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். அரைகுறையாகச் சுட்ட நீரில் கிடந்தால் அந்நஞ்சு தணிவதில்லை. நன்றாகக் கொதிக்கும் நீரில்தான் அது அழிகிறது. ஆதலால் ராஜ்மாவை 8 மணி நேரமேனும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் தளதளவென்று கொதிக்க வைத்து வேகவிட வேண்டும். தட்டைப்பயற்றில் இத்தகைய அச்சம் இல்லை. குக்கர் இல்லாத வீட்டார் அதையே கொள்வது நலம்.

மலையில் பயறு வேகாதது ஏன்?

‘ஊரில் அரை மணியில் வெந்த பயறு, இங்கே ஒரு மணி ஆகியும் கல்லாக இருக்கிறது’ என்று மலைக்குப் புதிதாக வரும் பெண்கள் குறைப்படுவதுண்டு. குறை பயற்றிலோ கையிலோ இல்லை. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நீரும் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து விடுகிறது. பொன்முடியின் உயரத்தில் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாகும். எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பானையில் அதற்குமேல் வெப்பம் ஏறாது. நாலு டிகிரிதானே என்று எண்ணலாம். பயறு போன்ற கடினமான பொருளுக்கு அந்த நாலு டிகிரி பெரிது. மூணாறு, உதகை, நுவரெலியா போன்ற இன்னும் உயர்ந்த இடங்களில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு மேலும் மிகுதி.

பிரஷர் குக்கர் இக்குறையைத் தீர்க்கிறது. ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், உள்ளே வெப்பம் 115 முதல் 120 டிகிரி வரை ஏறுகிறது. விறகும் எரிவாயுவும் மிச்சம், நேரமும் மிச்சம். குக்கரில்லாத வீட்டில் பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, மூடிய கனத்த பாத்திரத்தில் நிதானமாகக் கொதிக்க விட வேண்டும்.

பயறு வேகாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கடையில் கிடந்த பழம் பயறு எளிதில் வேகாது. புளி, தக்காளி, எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்களைப் பயறு வேகுமுன் சேர்த்தால் அதன் தோல் இறுகி நிற்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரும் அவ்வாறே செய்யும். சிலர் வேகவேண்டி ஆப்பச் சோடா இடுவர். அதனால் பயறு குழையும்; ஆனால் தயாமின் என்னும் உயிர்ச்சத்து அழியும். அவ்வழக்கத்தை விட்டுவிடுவது நன்று.

வேண்டிய பொருள்கள்

உழைத்து வரும் நால்வர் வயிறார உண்ண:

அரிசி 400 கிராம், அதாவது 200 கிராம் பிடிக்கும் டம்ளரில் 2. பச்சரிசியோ பொன்னிப் புழுங்கலோ ஆகலாம்; மட்டை அரிசிக்கு நீரும் நேரமும் கூடுதல் வேண்டும்.

ராஜ்மா அல்லது தட்டைப்பயறு 200 கிராம்.

பெரிய வெங்காயம் 2, குடைமிளகாய் 1, பூண்டு 8 பல், சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 2, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் பாதி, உப்பு வேண்டுமளவு.

கற்பூரவல்லி இலை 3 அல்லது 4.

கடைசியாகக் கூறிய பொருளைக் கண்டு வாசகர்கள் வியக்க வேண்டா. கியூபா சமையலில் ஓரிகானோ என்னும் மணமூலிகை சேர்வது வழக்கம். நம் வீட்டுக் கொல்லையிலும் தொட்டியிலும் வளர்வதும், குழந்தைக்குச் சளி பிடித்தால் சாறு பிழிந்து கொடுப்பதுமான கற்பூரவல்லிக்கு ஆங்கிலம் பேசுவோர் ‘கியூபா ஓரிகானோ’ என்றே பெயர் வழங்குகிறார்கள். மலையாளத்தில் அது பனிக்கூர்க்கை. தடித்த இலை, மணம் மிகுதி. ஆகவே நான்கு இலைக்கு மேல் வேண்டா. அத்தீவின் பெயர் தாங்கிய செடி நம் லயத்து வாசலிலேயே முன்பே குடியேறி நிற்கிறது.

செய்முறை

முதல் நாள் இரவே பயற்றைக் கழுவி, அதன் அளவைப்போல் மும்மடங்கு நீரில் ஊறவைக்க வேண்டும். பொன்முடியின் குளிரில் ஊறுவதும் மெல்லவே நிகழும். 12 மணி நேரம் விடுவது நன்று. மறுநாள் அந்நீரை முற்றிலும் கொட்டிப் பயற்றை இருமுறை அலச வேண்டும். வயிற்றுப் பொருமலுக்குக் காரணமான சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்நீரோடு போய்விடும்.

பயற்றைக் குக்கரில் இட்டு, 5 டம்ளர் புதுநீர் ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலையும் நசுக்கிய 2 பல் பூண்டும் சேர்த்து அடுப்பில் வைக்க வேண்டும். ராஜ்மாவாயின் மூடாமலே 10 நிமிடம் நன்கு கொதிக்க விட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டுப் பிறகு மூட வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, 20 முதல் 25 நிமிடம் வேகவிடலாம். தட்டைப்பயற்றுக்கு 10 நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கிய பின்னரே திறக்க வேண்டும். பயறு விரலிடையே எளிதில் நசுங்க வேண்டும். ஆனால் தோல் வெடித்துக் கூழாகக் கூடாது. நசுங்காவிடில் மீண்டும் மூடி ஐந்து நிமிடம் வைக்கலாம். வேகாத ராஜ்மாவை ஒருபோதும் அடுத்த படிக்குக் கொண்டு செல்லலாகாது.

இப்பொழுது பயற்றை வடிகட்டி எடுத்து, வெந்த நீரைத் தனியே வைக்க வேண்டும். இந்நீரே இவ்வுணவின் உயிர். நிறமும் மணமும் சத்தும் இதில் இறங்கியிருக்கின்றன. சுண்டல் செய்யும்போது பலர் இந்நீரைச் சாக்கடையில் கொட்டி விடுகிறார்கள். கியூபா நாட்டார் அதில்தான் அரிசியை வேக வைக்கிறார்கள். ஊறிய நீரைக் கொட்டுக. வெந்த நீரைக் காக்க. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் சமையல் பாதி முடிந்தது.

அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக் கொள்க. அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் இட்டு, இளந்தீயில் பத்து நிமிடம் வதக்க வேண்டும். அவசரம் கூடாது, வெங்காயம் கருகாமல் கண்ணாடிபோல் ஆக வேண்டும். பிறகு தட்டிய பூண்டு, சீரகம், மிளகுத்தூள், பிரிஞ்சி இலை, கிள்ளிய கற்பூரவல்லி ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டலாம். இத்தாளிதத்தைக் கியூபாவில் ‘சோஃப்ரிட்டோ’ என்பர். கடுகும் கறிவேப்பிலையும் இட்டால் குற்றமில்லை. ஆனால் முதன்முறை அவையின்றிச் செய்து பார்த்தால் சீரகமும் பூண்டும் தரும் சுவை தனித்துத் தெரியும்.

தாளிதத்தில் அரிசியை இட்டு, எண்ணெய் மணிகளில் ஏறும்படி இரண்டு நிமிடம் கிளறி, வெந்த பயற்றையும் உப்பையும் சேர்க்க வேண்டும். பயறு வெந்த நீரை அளந்து 4 டம்ளர் ஊற்றுக. குறைந்தால் வெந்நீர் சேர்த்து நிறைக்கலாம். மலைமேல் இருப்போர் அரை டம்ளர் கூடுதலாக ஊற்ற வேண்டும். நீரைச் சுவைத்துப் பார்த்தால் உப்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி அதனை இழுத்துக் கொள்ளும்.

நன்றாகக் கொதித்து நீர் அரிசியின் மட்டத்துக்கு இறங்கியதும், தீயை மிகத் தணித்து, இறுக மூடி, மேலே கனமொன்று வைத்து 20 நிமிடம் விட வேண்டும். இடையிடையே திறந்து கிளறினால் சோறு குழைந்துவிடும். விறகடுப்பாயின் விறகை இழுத்துவிட்டுத் தணலில் வைக்கலாம். இறக்கியபின் பத்து நிமிடம் மூடியபடியே விட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, கரண்டிக் காம்பினால் அடியிலிருந்து மெல்லப் புரட்ட வேண்டும். சோறு உதிரியாகவும், மரநிறம் ஏறியும், பயறு முழுமணியாகவும் நின்றால் பக்குவம் சரி.

துணைக்கு என்ன?

கியூபாவில் இதனோடு பொரித்த நேந்திரம் போன்ற வாழைப்பழமும், பூண்டும் புளிப்பும் சேர்ந்த சாறு ஊற்றிய மரவள்ளிக்கிழங்கும் பரிமாறுவர். இவ்விரண்டுக்கும் கேரளத்தில் பஞ்சமுண்டோ? மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிரே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனை மக்களிடையே பரப்ப முயன்றார். இன்று நெடுமங்காட்டுச் சந்தையில் மரச்சீனி இல்லாத நாளில்லை. கிழங்கை உப்பிட்டு நன்கு அவித்து நீரை வடித்து, எண்ணெயில் பூண்டை இளஞ்சூடாகப் பொரித்து, எலுமிச்சைச் சாறு கலந்து மேலே ஊற்றினால் கியூபாச் சுவையே வரும். ஒரு வெள்ளரிக்காய்ப் பச்சடியும் அப்பளமும் இருந்தால் விருந்து நிறைவு பெறும்.

தேயிலை மலையில் வாழ்வோர்க்கு மற்றொரு குறிப்பு. பயற்றில் இரும்புச் சத்து உண்டு. எலுமிச்சைப் புளிப்பு அதனை உடல் ஏற்கத் துணை செய்யும். தேநீரோ அதற்கு நேர்மாறாகத் தடை செய்யும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தும் பழக்கம் நம் தோட்டக் குடும்பங்களில் உண்டு. தேநீரை விட வேண்டா. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். சோகை பிடித்த பெண்களும் வளரும் பிள்ளைகளும் இதனைக் கட்டாயம் கருதுதல் வேண்டும்.

மிஞ்சிய சோற்றைப் பழையசோறுபோல் நீரூற்றி வைக்கலாகாது. பயறு கலந்த சோறு விரைவில் கெடும். வேலைக்குக் கொண்டு செல்வதாயின் அன்று காலை சமைத்ததையே எடுத்துச் செல்க. குளிர்ப்பெட்டியில் வைத்ததாயின் ஆவி பறக்கச் சூடாக்கிய பின்னரே உண்ண வேண்டும். பயறு உண்டு பழகாத சிறுவர்க்குச் சிறிதளவில் தொடங்கி நாளடைவில் கூட்டுவது நலம்.

பங்கிடும் நியாயம்

இப்பானையின் கணக்கைச் சிறிது பார்ப்போம். 400 கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 30 கிராம். 200 கிராம் ராஜ்மாவில் ஏறத்தாழ 40 கிராம். மொத்தம் 70. நால்வர்க்குப் பங்கிட்டால் ஒருவர்க்கு 17 கிராமுக்குக் குறையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவின்படி, வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராமும், ஆணுக்கு 54 கிராமும் புரதம் வேண்டும். ஆகவே, ஒரு வேளைச் சோற்றிலேயே பெண்ணின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைத்து விடுகிறது; மீனோ முட்டையோ இல்லாத நாளிலும் கிடைக்கிறது.

ஆனால் இக்கணக்கைவிடச் சிறந்த நன்மை பிறிதொன்று உளது. குழம்பு வேறு, சோறு வேறு என்று இருக்கும்போது குழம்பிலுள்ள பருப்பை முன்னே உண்பவர் அள்ளிக் கொள்ளலாம். பின்னே உண்பவர்க்கு நீரே மிஞ்சும். பயறும் அரிசியும் ஒன்றாய் வெந்த பானையில் அப்படிப் பிரித்து அள்ள இயலாது. முதல் கரண்டியிலும் கடைசிக் கரண்டியிலும் பயற்றின் பங்கு ஒன்றே. எல்லார்க்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் அமரும் தாய்க்கும், மேல்வேலைக்கு நின்று நேரங்கழித்து வரும் மகளுக்கும், முதலில் உண்ட ஆண்மகனுக்குக் கிடைத்ததே கிடைக்கும். அளவில் குறையலாம், தரத்தில் குறையாது. அளவிலும் குறையாதிருக்க, எல்லாரும் ஒருங்கே அமர்ந்து உண்பதே வழி. ஒரு பானைச் சோறு அதற்கும் ஏற்றது. எடுத்து வைக்கப் பல பாத்திரங்கள் இல்லாமையால் பரிமாறுபவரும் உடன் அமரலாம்.

புலம் பெயர்ந்த நாட்டின் உணவையோ, பிற நாட்டு உணவையோ நம் அடுப்பில் ஏற்றினால் தமிழ்ச் சமையல் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நம்மிடம் வந்து நம்முடையவை ஆகிவிட்டன. சாம்பாரும் குருமாவும் அதனால் கெட்டுப் போகவில்லை. உளுந்தஞ்சோற்றை மறக்காத வீட்டில் கொங்ரியும் சமைக்கலாம். நெல்லைப் பாட்டியின் பெயரையும் ஹவானாவின் பெயரையும் ஒருங்கே கூறிப் பரிமாறினால், பிள்ளைகள் உணவோடு வரலாறும் கற்பார்கள். தங்களைப் போலவே வேறு மலையிலும் வேறு தீவிலும் தோட்டத்தில் உழைத்த மக்கள் இருந்தனர் என்பதை அவர்கள் அறிவதும் கல்வியே.

ஆகவே சகோதரிகளே, வரும் வார விடுமுறைக்கு முன்னிரவில் ஒரு டம்ளர் பயற்றை நீரில் இட்டு வையுங்கள். வெங்காயம் நறுக்கவும் பூண்டு உரிக்கவும் வீட்டிலுள்ள ஆடவரை அழையுங்கள். அவர்கள் கைக்கும் அது பழகட்டும். சோறு வெந்ததும் அனைவரும் ஒன்றாக அமருங்கள். மலையிலும் நகரிலும் கடல் கடந்த நாட்டிலும் வாழும் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும், கடைசியாக உண்பவர் என்று ஒருவர் இல்லாத நாள் வருக.